எழும்போதும் நடக்கும்போதும் வரும் நோவு

நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்க முற்படும்போது முழங்கால் மடங்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்வதும், கையைத் தொடையில் ஊன்றி ‘முருகா’ என்றோ ‘அம்மாடி’ என்றோ சொல்லிக்கொண்டு நிமிர்வதும், முதல் நாலைந்து அடிகளைத் தயங்கித் தயங்கி வைத்த பின்னரே நடை ஒரு நிலைக்கு வருவதும் நம் வீடுகளில் நாள்தோறும் காணும் காட்சிகளே. இதனைக் குறித்து நாம் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுள் ஒன்றைச் செய்துகொள்கிறோம். ‘வயதானால் அப்படித்தான், செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்பது ஒன்று. ‘எழுந்தால் வலிக்கிறது, ஆகவே எழாமல் இருப்பதே நலம்’ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தாத முடிவுகள். முதுமையிலும் செய்யக்கூடியது நிறைய உண்டு. எழாமல் இருப்பதோ, நோய்க்கு நாமே நீர் ஊற்றி வளர்ப்பதாகும். ஏன் அவ்வாறு என்பதையும், எந்த நோவை நாமே சமாளிக்கலாம், எதனை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்பதையும் இங்கே முறையாக ஆராய்வோம்.

தமிழகத்தை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிற ஊர்களிலும் குடியேறி வாழும் நமக்கு இச்செய்தியில் தனிப்பட்ட அக்கறை உண்டு. ஊரில் இருந்தவரை நம் பெற்றோருக்கு நடை என்பது தனியாகச் செய்ய வேண்டிய ஒரு காரியமாக இருந்ததில்லை. கோயிலுக்கு, கடைக்கு, அடுத்த தெருவில் உள்ள உறவினர் வீட்டுக்கு என்று நாள் முழுவதும் கால்கள் இயங்கிக்கொண்டே இருந்தன. மகன் வீட்டிற்கோ மகள் வீட்டிற்கோ வந்து சேர்ந்த பின் நிலைமை மாறிவிடுகிறது. வீடு மூன்றாம் மாடியில். வெளியே பேசும் மொழி வேறு. குளிர்காலத்தில் வாசற்கதவைத் திறக்கவும் மனம் வருவதில்லை. காலை முதல் இரவு வரை நாற்காலியும் கட்டிலும் தொலைக்காட்சியுமே உலகமாகின்றன. சில மாதங்களில் ‘ஊரில் நன்றாகத்தானே நடந்துகொண்டிருந்தார், இங்கே வந்ததும் கால் போய்விட்டதே’ என்று வீட்டார் வருந்துகின்றனர். கால் தானாகப் போகவில்லை. அதற்குரிய வேலை பறிபோனதால் அது தளர்ந்துவிட்டது.

இதனை விளங்கிக்கொள்ள மூட்டின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். கதவுக்குக் கீல் போல எலும்புக்கு மூட்டு. அதனாலேயே மூட்டு நோயைக் கீல்வாயு என்றனர் நம் முன்னோர். முழங்காலில் தொடை எலும்பின் அடிமுனையும் கணைக்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கின்றன. இவ்விரு முனைகளின்மீதும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. மூட்டைச் சூழ்ந்துள்ள உறையின் உட்புறச் சவ்வு ஒருவகை வழுவழுப்பான நீரைச் சுரக்கிறது. முட்டையின் வெண்கரு போன்ற இந்த நீரே மூட்டுக்கு உயவு நெய்.

இங்கே கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வளர்ந்தவர்களின் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதற்கு வேண்டிய ஊட்டம் பெரும்பாலும் இந்த மூட்டு நீரிலிருந்தே கிடைக்க வேண்டும். பஞ்சை நீரில் அமுக்கி விட்டால் எவ்வாறு நீரை உறிஞ்சுமோ, அவ்வாறே நாம் அடி வைக்கும்போது அமுங்கியும், காலை எடுக்கும்போது விரிந்தும் குருத்தெலும்பு தன் ஊட்டத்தைப் பெறுகிறது. ஆகவே நடை என்பது மூட்டுக்கு உணவு. நாள் முழுவதும் காலை மடக்கியோ நீட்டியோ அசையாமல் வைத்திருப்பது மூட்டைப் பட்டினி போடுவதாகும்.

அசையாதிருக்கும்போது மூட்டு நீர் சற்றுக் கெட்டிப்பட்டு நிற்கிறது. அசைய அசைய இளகுகிறது. குருத்தெலும்பு தேய்ந்த மூட்டில் இந்த வேறுபாடு நன்கு தெரியும். எழுந்தவுடன் தோன்றும் விறைப்பு சில நிமிடங்களில் விலகுவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் தசை. நாற்காலியிலிருந்து நம்மை மேலே தூக்குவது முழங்கால் அன்று. தொடையின் முன்புறத் தசையும் பிட்டத்தின் தசையுமே. வலிக்கு அஞ்சி எழுவதைக் குறைத்தால் இத்தசைகள் மெலியும். மெலிந்தால் உடலின் பாரம் மூட்டின்மேல் விழும். விழுந்தால் வலி மிகும். மிகுந்தால் எழுவது மேலும் குறையும். இந்தச் சுழலில் அகப்பட்டவர் ஓராண்டில் கட்டிலோடு கட்டிலாகிவிடுவதும் உண்டு. எங்கேனும் ஓரிடத்தில் இச்சுழலை அறுத்தல் வேண்டும். தசையை வலுப்படுத்துவதே அதற்கு எளிய இடம்.

ஆயினும் எழும்போது வரும் நோவெல்லாம் மூட்டுத் தேய்வு அன்று. எப்போது வலிக்கிறது, எங்கே வலிக்கிறது, எதனால் தணிகிறது என்ற மூன்று கேள்விகளை நாமே கேட்டுக்கொண்டால் பாதி வழி தெளிவாகும்.

முழங்காலில் வலி, எழும்போதும் படி இறங்கும்போதும் மிகுதி, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விலகுகிறது, பகலில் நெடுநேரம் நின்றால் மீண்டும் வலிக்கிறது. இவை பெரும்பாலும் மூட்டுத் தேய்வின் அடையாளங்கள்.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் முள் குத்தினாற்போன்ற வலி. பத்துப் பதினைந்து அடிகளில் குறைவு. சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்தால் மீண்டும் அதே குத்தல். இது உள்ளங்காலின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை பரந்துள்ள தசைநார்ப் பட்டையின் நோவாக இருக்கலாம். பளிங்குக் கல்லும் மொசைக்கும் பதித்த அடுக்ககத் தரையில் வெறுங்காலோடு நாள் முழுவதும் நின்று சமைப்பவர்களுக்கு இது மிகும். மெத்தென்ற செருப்பை வீட்டுக்குள்ளும் அணிவது இதற்கு முதல் மருந்து. படுக்கையிலிருந்து காலைக் கீழே வைக்குமுன், ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி, முழங்காலை மடக்காமல் இரு கைகளாலும் தன்னை நோக்கி இழுத்து, அரை நிமிடம் வைத்திருந்து விடுவது இரண்டாவது மருந்து. இதனை மூன்று முறை செய்துவிட்டு இறங்கினால் முதல் அடியின் கொடுமை குறையும். பூசை அறைக்குள் செருப்பு ஆகாதென்பவர்கள், அதற்கென்றே தனியாகத் தடித்த விரிப்பொன்றைப் போட்டு அதன்மேல் நிற்கலாம்.

உட்கார்ந்திருக்கையில் நோவில்லை, நின்றாலும் நடந்தாலும் இடுப்பிலிருந்து இரு கால்களுக்கும் வலியும் மரமரப்பும் இறங்குகின்றன, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ தணிகின்றன. இது முதுகெலும்பின் நடுவே நரம்புகள் செல்லும் வழி குறுகியதன் அடையாளமாகலாம். குறிப்பிட்ட தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது; உட்காராமல் நின்ற இடத்திலேயே நின்றாலும் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது; மீண்டும் அதே தொலைவு நடந்தால் மீண்டும் வருகிறது. இது காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் சுருங்கியதன் குறியாகலாம். புகை பிடிப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் இதனை அலட்சியம் செய்யலாகாது. இவ்விரண்டுக்கும் முழங்காலில் தைலம் தேய்ப்பதால் பயன் இல்லை.

காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கிறது, கைவிரல் மூட்டுகளும் வீங்கியிருக்கின்றன, வேலை செய்யச் செய்ய வலி குறைகிறது, ஓய்வில் மிகுகிறது. இது தேய்வு அன்று. உடலின் தற்காப்பு ஆற்றலே மூட்டைத் தாக்கும் அழற்சி நோயாக இருக்கலாம். இதற்கு இக்காலத்தில் நல்ல மருந்துகள் உண்டு. தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் மூட்டு கோணிப்போகாமல் காக்கலாம். ‘வாதம்தானே’ என்று இரண்டாண்டு கடத்தியவர்கள் இழப்பது திரும்பி வருவதில்லை.

காய்ச்சல் நீங்கிய பின்னும் மூட்டுகள் வலித்துக்கொண்டே இருந்தால் அது சிக்குன்குனியாவின் எச்சமாக இருக்கலாம். 2016-இல் டில்லியில் அந்நோய் பெரிதாகப் பரவியபோது, காய்ச்சல் விட்ட பிறகும் பல மாதங்கள் காலை ஊன்ற இயலாமல் துன்புற்றோர் பலர். நாள்பட நாள்பட இது பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும்.

வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே வாழ்பவர்களுக்கு மற்றொரு குறை நேர்கிறது. வைட்டமின் ‘டி’ மிகவும் குறைந்தால் எலும்பு மென்மையாகி, இடுப்பிலும் தொடையிலும் இனம் புரியாத வலி தோன்றும். தசை சோர்ந்து, தரையிலிருந்து எழுவதும் படி ஏறுவதும் கடினமாகும். இதனை இரத்தப் பரிசோதனையால் அறியலாம். மருத்துவர்கள் இதற்கு 60,000 அலகு கொண்ட மருந்தை வாரம் ஒரு முறை, சில வாரங்களுக்கு எழுதித் தருவது வழக்கம். இதனை நாள்தோறும் உண்பதாகத் தவறாக எண்ணிக்கொள்வோரும் உண்டு. அது நஞ்சாகி, சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். ஆதலின் சீட்டில் உள்ளதை இருமுறை கேட்டுத் தெளிக.

சில அறிகுறிகள் காத்திருக்கத் தகாதவை. மூட்டு சிவந்து, சூடேறி, வீங்கி, உடன் காய்ச்சலும் இருத்தல். விழுந்த பின் காலை ஊன்ற முடியாமை. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தல். காலில் வலுவிழப்பு மிகுந்துகொண்டே வருதல். இடுப்பு வலியுடன் சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், அல்லது அவ்விடம் மரத்துப்போதல். இவற்றுள் எது தோன்றினும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஓய்விலும் இரவிலும் விடாத வலி, காரணமின்றி உடல் இளைத்தல் ஆகியவற்றையும் விரைவில் காட்ட வேண்டும்.

இனி, பெரும்பாலோருக்கு உள்ள சாதாரண முழங்கால் நோவுக்கு என்ன செய்வது என்று பார்ப்போம்.

முதலாவது, எழும் முறை. எழுவதற்கு முன்பே காலை எழுப்ப வேண்டும். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு முழங்காலையும் பத்து முறை நீட்டி மடக்குக. கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் அசைக்க. பின்னர் நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து வருக. பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முழங்காலுக்கு நேர் கீழே, சிறிது இடைவெளி விட்டு வைக்க. இரு கைகளையும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி, மார்பை முன்னே சாய்த்து, தலை பாதவிரல்களுக்கு நேரே வரும் அளவில் உடலை மேலே தள்ளுக. நேராக மேலே எழும்ப முயல்வதே பலரும் செய்வது. அதில் முழங்காலுக்குப் பாரம் மிகும். எழுந்ததும் உடனே நடந்துவிடாமல் பத்து எண்ணும் அளவு நிற்க. இரத்த அழுத்த மருந்து உண்பவர்களுக்கு எழுந்தவுடன் தலை சுற்றுவதுண்டு. அது தெளிவதற்கும் இந்த இடைவேளை உதவும்.

தரையில் உட்கார்ந்து எழ வேண்டியிருந்தால், நேரே எழ முயலாமல் முதலில் ஒரு பக்கமாகத் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் குழந்தை தவழும் நிலைக்கு வருக. அசையாத நாற்காலி ஒன்றை முன்னே வைத்து, அதன் இருக்கையில் இரு கைகளையும் பதித்து, வலுவான காலின் பாதத்தை முன்னே ஊன்றி எழுக. எழுந்ததும் அந்த நாற்காலியிலேயே சற்று அமர்க. இம்முறையைப் பழகி வைத்திருப்பது, தப்பித்தவறி விழுந்தாலும் அடிபடாதபோது பிறர் உதவியின்றி எழுவதற்குப் பயன்படும்.

இரண்டாவது, தசைக்குப் பயிற்சி. நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து, ஒரு காலை முழுதும் நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து மெல்ல இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். ஓரிரு வாரங்களில் இது எளிதானதும், நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து அமர்வதையே பயிற்சியாகச் செய்யலாம். முதலில் உயரமான இருக்கையில் ஐந்து முறை. பிறகு பத்து முறை. அமரும்போது ‘பொத்’தென்று விழாமல் மெல்ல இறங்குவதே இதில் சிறந்த பகுதி. கையை ஊன்றாமல் 30 விநாடிகளில் எத்தனை முறை எழ முடிகிறது என்பதை எண்ணிக் கால்வலுவை மதிப்பிடுவது பயிற்சி மருத்துவர்களின் முறைகளுள் ஒன்று. நாமும் நாட்காட்டியில் வாரம் ஒரு முறை குறித்து வரலாம். எண்ணிக்கை கூடுவதைக் கண்ணால் காண்பது ஊக்கம் தரும்.

மூன்றாவது, நடை. ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடந்தால்தான் நடை என்பதில்லை. மணிக்கொரு முறை எழுந்து ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே உலாவினாலும் மாலைக்குள் ஒரு மணி நேர நடை சேர்ந்துவிடும். பயிற்சியின்போது சிறிது வலிப்பது இயல்பு. அது மூட்டு உடைவதன் அறிகுறி அன்று. அளவை அறிய ஒரு விதி உண்டு. அன்று செய்த பயிற்சியின் வலி மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் தணிந்துவிட்டால் அளவு சரி. மறுநாளும் மிகுந்தே இருந்தால், அல்லது மூட்டு வீங்கினால், பாதியாகக் குறைத்துக்கொள்க, அடியோடு நிறுத்திவிடலாகாது.

நான்காவது, கைத்தடி. தடி பிடிப்பது முதுமையை ஒப்புக்கொள்வதாகும் என்று கூசுவோர் பலர். விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வதைவிடத் தடி பிடிப்பது எவ்வளவோ மேல். ஆனால் பிடிக்கும் முறை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. வலக்கால் நோவு என்றால் தடி இடக்கையில் இருக்க வேண்டும். இடக்கால் நோவு என்றால் வலக்கையில். நோவுள்ள காலும் தடியும் ஒரே நேரத்தில் முன்னே செல்ல வேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டின் மடிப்பளவுக்கு வருதல் வேண்டும். அடியில் ரப்பர்க் குப்பி தேயாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க. படி ஏறுகையில் நல்ல கால் முதலில். இறங்குகையில் தடியும் நோவுள்ள காலும் முதலில். மும்பையின் ரெயில் நிலைய மேம்பாலங்களிலும், டில்லி இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் உள்ள முருகன் கோயிலின் படிகளிலும் ஏறி இறங்குவோர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

ஐந்தாவது, வீடு. தாழ்ந்த சோபாவும் தாழ்ந்த கட்டிலும் முழங்காலுக்குப் பகை. உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சிறிது உயரமாக இருக்கும் இருக்கையே நல்லது. கைப்பிடியுள்ள மர நாற்காலியில் கெட்டியான திண்டொன்றை வைத்தாலே அது போதும். குந்தி அமரும் கழிப்பறையில் முழங்கால் முற்றிலும் மடங்குகிறது. நோவுள்ளவர்களுக்கு உயரமான இருக்கையுள்ள கழிப்பறையோ, நடுவில் துளையுள்ள நாற்காலியோ வேண்டும். வாடகை வீடு, மாற்ற இயலாது என்பவர்களுக்கும் அந்த நாற்காலி உதவும். குளியலறையில் சுவரோடு ஒரு கைப்பிடிக் கம்பியும், தரையில் வழுக்காத விரிப்பும் வைப்பதற்குச் செலவு சிறிது. அரிவாள்மனையைக் கைவிட்டு மேசைமேல் காய் நறுக்குவது, தரைக்குப் பதில் நாற்காலியில் அமர்ந்து பூசை செய்வது ஆகியவற்றால் ஆசாரம் குறைந்துபோவதில்லை.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடநாட்டுக் குளிர் நமக்குப் பழக்கமில்லாதது. குளிர் மூட்டைத் தேய்ப்பதில்லை; ஆயினும் விறைப்பையும் வலியையும் பலருக்கு மிகுவிக்கிறது; போர்வைக்குள் முடங்கச் செய்து நடையையும் குறைக்கிறது. முழங்காலைக் கம்பளி உறையால் மூடுக. காலைப் பயிற்சியை வெந்நீர்க் குளியலுக்குப் பின் வைத்துக்கொள்க. நடையை, வெயில் ஏறி மூடுபனி விலகிய முற்பகலுக்கு மாற்றுக. வெந்நீர் ஒத்தடம் நல்லதே. ஆனால் நீரிழிவினால் காலில் உணர்ச்சி குன்றியவர்கள் அதன் சூட்டை அறியாமல் கொப்புளம் படுத்திக்கொள்வதுண்டு. அவர்களுக்கு வேறொருவர் சூடு பார்த்துக் கொடுத்தல் வேண்டும்.

ஊருக்குப் போகும் பயணத்தையும் சொல்ல வேண்டும். டில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். ரெயிலில் ஒரு நாளுக்கும் மேற்பட்ட பயணம். கீழ்ப்படுக்கையைக் கேட்டு வாங்குக. மணிக்கொரு முறை கணுக்காலை அசைத்து, இயன்றபோது பெட்டிக்குள்ளேயே சிறிது நடக்க. இறங்க வேண்டிய நிலையத்துக்குப் பத்து நிமிடம் முன்னரே எழுந்து காலைப் பழக்கிக்கொள்க. விறைத்த காலோடு உயரமான படியிலிருந்து நடைமேடைக்கு அவசரமாக இறங்குவதே ஆபத்து.

உடல் எடையைப் பற்றி ஒரு சொல். எடை மிகுந்து முழங்கால் தேய்ந்த முதியோரிடையே அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைவதாகக் காட்டியது. நாளொன்றுக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் ஐந்து கிலோ குறைப்பதன் பயன் விளங்கும். பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. சோற்றைச் சிறிது குறைத்து, பருப்பையும் கீரையையும் காயையும் கூட்டிக்கொள்வது போதிய தொடக்கம்.

மருந்துகளில் இரண்டு எச்சரிக்கைகள். முழங்காலுக்கு முதலில் மேற்பூச்சு வலிமருந்தைப் பயன்படுத்துவது நல்ல வழி. உள்ளுக்கு உண்ணும் வலி மாத்திரைகளை நாமே கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசியலாம், சிறுநீரகம் பழுதுறலாம், இரத்த அழுத்தம் ஏறலாம். இது முதல் எச்சரிக்கை. பெயர் தெரியாத பொடியோ உருண்டையோ உண்டு மூன்றே நாளில் வலி மாயமாய் மறைந்தால் மகிழாமல் ஐயுறுக. அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்ததுண்டு. அது முகத்தை ஊதச் செய்யும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும். நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்க. இது இரண்டாம் எச்சரிக்கை.

மருத்துவரிடம் செல்வதற்கு மொழி தடையாகலாகாது. நம் பேச்சில் ‘வாயு பிடித்துக்கொண்டது’ என்பதை இந்தியில் அப்படியே ‘காஸ்’ என்று சொன்னால் வயிற்றுக்கு மாத்திரை கிடைக்கும். இந்தியில் முழங்கால் ‘குட்னா’, குதிகால் ‘ஏடி’, இடுப்பு ‘கமர்’, வலி ‘தர்த்’, வீக்கம் ‘சூஜன்’, விறைப்பு ‘அகடன்’. தெலுங்கில் ‘மோகாலு நொப்பி’ என்றாலும், கன்னடத்தில் ‘மண்டி நோவு’ என்றாலும் புரிந்துகொள்வர். சொல் தெரியாவிடில் வலிக்கும் இடத்தில் ஒரு விரலை வைத்துக் காட்டுக. காலை விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, என்னென்ன மருந்து உண்கிறோம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவது, அரை மணி நேரப் பேச்சைவிட மருத்துவருக்கு உதவும்.

இத்தனையும் செய்தும் வலி தணியாமல், இரவு உறக்கமும் கெட்டு, வீட்டுக்குள் நடப்பதே அரிதானால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை உண்டு. 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர், உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் கொண்டு இடுப்பு மூட்டை மாற்றும் முறையை நிலைபெறச் செய்தார். முழங்கால் மாற்றும் பின்னர் அவ்வழியில் வளர்ந்தது. நம் நாட்டில் 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்காலுக்கு உச்ச விலை விதித்தது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்தோர் அனைவருக்கும் வருமான வரம்பின்றி விரிவாக்கப்பட்டது. அதன் அட்டை, திட்டத்தில் சேர்ந்துள்ள மற்ற மாநிலங்களிலும் செல்லும் என்பதால் நம்மைப் போன்று வெளி மாநிலத்தில் வாழ்வோர் அதுபற்றி விசாரித்து வைத்தல் வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதையும் முன்னரே கேட்டறிக. அறுவைக்குப் பின்னும் பயிற்சி செய்தே தீர வேண்டும். புது மூட்டையும் பழைய தசைதான் தூக்க வேண்டும்.

இறுதியாக, வீட்டில் உள்ள இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர் எழ முயல்வதைக் கண்டதும் ‘நீங்கள் உட்காருங்கள் அப்பா, நான் எடுத்து வருகிறேன்’ என்று ஓடுவது அன்பினால்தான். ஆனால் நாளெல்லாம் அவ்வாறே செய்தால், அந்த அன்பே அவர் காலுக்கு விலங்காகும். தண்ணீர்ச் செம்பை அடுத்த அறையில் வைக்கலாம். தபால் பெட்டியைப் பார்த்து வரும் பொறுப்பை அவரிடமே விடலாம். மாலையில் பத்து நிமிடம் அவருடைய வேகத்தில் உடன் நடக்கலாம். அதே குடியிருப்பில் வேறொரு தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் இருந்தால் இருவரையும் சேர்த்துவிட்டால் போதும். பேச்சுத் துணைக்காகவே இருவரும் நடப்பர். எழும்போது கை கொடுப்பதாயினும், அவர் முதலில் தாமே முயலட்டும். தேவையான அளவுக்கு மட்டும் கொடுப்போம். நாற்காலியிலிருந்து தாமே எழுந்து, தம் வாசல்வரை தாமே நடந்து செல்லும் உரிமை முதியோருக்குப் பெரிது. இன்று மாலையே ஐந்து முறை எழுந்து அமர்வதில் தொடங்கி, அவ்வுரிமையைக் காப்போமாக.